பத்து மீட்டரில் குறி தப்பாத ஏர்கன்: தேர்ந்தெடுப்பது எப்படி?

மெரினாவில் பலூன் சுடும் கடையில் துப்பாக்கியை எடுத்தவர்களுக்கு இது பழக்கம்தான். நேராகக் குறி வைத்தால் பலூன் அப்படியே நிற்கும். "கொஞ்சம் லெஃப்ட்ல வைங்க சார்" என்பார் கடைக்காரர். வைத்தால் படாரென்று உடையும். அந்தத் துப்பாக்கியைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு அங்குலம் வலப்பக்கம் தள்ளிச் சுடுகிற துப்பாக்கி மோசமானது அல்ல. குறி பார்க்க உதவும் சைட்டைத் திருகினால் சரியாகிவிடும். ஒரு குண்டு வலப்பக்கம், அடுத்தது மேலே, மூன்றாவது எங்கேயோ என்று சுடுகிறதே, அதைத்தான் எந்தத் திருகாணியாலும் திருத்த முடியாது. முதல் குண்டு போன இடத்துக்கே அடுத்த குண்டும் போக வேண்டும். ஏர்கன் வாங்கும்போது நாம் காசு கொடுப்பது இதற்குத்தான்.

ஆனால் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது "ஆயிரம் எஃப்பிஎஸ்" (குண்டு விநாடிக்கு எத்தனை அடி போகும் என்ற கணக்கு), "செம பவர்" என்ற பேச்சு. பத்து மீட்டரில் தாள் இலக்கைச் சுடுகிறவருக்கு அந்தப் பேச்சால் பயன் இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இந்தியாவில் வாங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: எதைச் சுடப் போகிறீர்கள்?

ரைஃபிளா, பிஸ்டலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு விளையாட்டு. ரைஃபிளில் உடம்பு முழுவதும் ஒரு தாங்கியாக மாற வேண்டும். பிஸ்டலில் ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். ரைஃபிள் எடுத்தால் அடுத்த கேள்வி சைட் பற்றியது. நம் ஊர் மாநிலப் போட்டிகளில் ஓபன் சைட் (பின்னால் திறந்த வெட்டு வழியாகக் குறி பார்ப்பது), பீப் சைட் (பின்னால் சிறு துளை வழியாகப் பார்ப்பது), ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளன விதிப்படி நடப்பது) என்று ஏர் ரைஃபிளுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஓபன் சைட் பிரிவில் ஆரம்பிக்கிறவருக்கு உள்நாட்டில் தயாரான ஸ்பிரிங் ரைஃபிளே போதும். ஐஎஸ்எஸ்எஃப் பிரிவுதான் குறி என்றால் செலவு வேறு மாதிரி இருக்கும். அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் பக்கத்து ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, கிளப் துப்பாக்கியில் சில மாதம் சுட்டுப் பாருங்கள். சென்னை, கோவை, மதுரை என்று முக்கியமான ஊர்களில் கிளப்புகள் இருக்கின்றன. ரைஃபிள் வாங்கிய பிறகு பிஸ்டல்தான் பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பது காசுக்குக் கேடு.

சட்டத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும், குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் எதைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். இலக்குப் போட்டிக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. உலகம் முழுவதும் 10 மீட்டர் போட்டி 4.5 மில்லிமீட்டரில்தான் நடக்கிறது. பில்லும் தயாரிப்பாளர் தரும் சான்றும் எப்போதும் துப்பாக்கிப் பெட்டியிலேயே இருக்கட்டும். கொக்கு, புறா, அணில் பக்கம் குழலைத் திருப்பினால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள். ஏர்கன்னால் பறவைகள் அழிவதைத் தடுக்க, மக்களே முன்வந்து துப்பாக்கியை ஒப்படைக்கும் இயக்கம் ஒன்றை அருணாசலப் பிரதேசம் 2021-இல் தொடங்கியது. அந்த அளவுக்கு அங்கே நிலைமை போயிருந்தது.

இரண்டாவது படி: மில்லிமீட்டர் கணக்கு

துப்பாக்கி எவ்வளவு துல்லியமாக இருந்தால் போதும்? இதற்கு இலக்குத் தாளே பதில் சொல்லிவிடும்.

10 மீட்டர் ரைஃபிள் தாளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. ஒன்பதாம் வளையம் 5.5 மில்லிமீட்டர். அதன்பின் ஒவ்வொரு வளையமும் விட்டத்தில் 5 மில்லிமீட்டர் கூடும். பெல்லட்டின், அதாவது ஏர்கன்னில் போடும் ஈயக் குண்டின், விளிம்பு வளையத்தைத் தொட்டாலே அந்தப் புள்ளி உண்டு. பெல்லட் 4.5 மில்லிமீட்டர், ஆகவே அதன் நடுப்பகுதி இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. இதிலிருந்து கையில் அளக்கக்கூடிய ஒரு எண் கிடைக்கிறது. ஒரே இடத்தில் குறி வைத்துச் சுட்ட குண்டுகள் எல்லாம் சேர்ந்து போட்ட ஓட்டையின் வெளி அகலம் 9.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால், அந்தத் துப்பாக்கியால் ஒவ்வொரு குண்டையும் பத்தில் போட முடியும். ஒரு சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது கோட்பாடு. நடைமுறையில் நம் கையும் ஆடும். துப்பாக்கியின் சிதறலும் கையின் ஆட்டமும் சேர்ந்துதான் தாளில் தெரியும். அதனால் துப்பாக்கிக்கு நாம் விடும் பங்கு சிறியதாக இருக்க வேண்டும். நல்ல போட்டி ரைஃபிள்கள் தாங்கியில் வைத்துச் சுட்டால் ஒரு பெல்லட் ஓட்டையைவிடச் சற்றே பெரிய ஓட்டைதான் போடும். சில நிறுவனங்கள் அப்படித் தொழிற்சாலையில் சுட்ட தாளையே பெட்டியில் வைத்து அனுப்புகின்றன.

பிஸ்டலில் பத்தாம் வளையமே 11.5 மில்லிமீட்டர். அதே கணக்கைப் போட்டால் 20.5 மில்லிமீட்டர் ஓட்டை வரை பத்துதான். ஆகவே பிஸ்டல் வாங்கும்போது குழலின் கடைசிச் சொட்டுத் துல்லியத்துக்காகத் தவிப்பதைவிட, பிடியிலும் ட்ரிகரிலும் காசு போடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது படி: காற்று எங்கிருந்து வருகிறது?

ஏர்கன்களை உண்மையில் பிரிப்பது இதுதான். விலையும் இதை ஒட்டித்தான் ஏறுகிறது.

நம் ஊரில் அதிகம் கிடைப்பது ஸ்பிரிங் பிஸ்டன் வகை. குழலை மடித்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். ட்ரிகரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அமுக்கி, பெல்லட்டைத் தள்ளும். சிக்கல் அங்கேதான். பிஸ்டன் முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் குலுங்கும். இந்த இரண்டு அசைவும் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் அந்த நேரத்திலேயே நடக்கின்றன. அதனால் ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் ஒரு இடத்தில் விழும், தளர்வாகப் பிடித்தால் வேறு இடத்தில் விழும். தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்கப் பழகினால் இதிலேயே நன்றாகச் சுடலாம். ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்த உருளை வைத்த கேஸ் ராம் வகையில் அதிர்வு கொஞ்சம் குறையும். ஆனால் உதை இருக்கத்தான் செய்யும்.

இந்த வகையில் பவர் குறைந்த மாடலை எடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. ஸ்பிரிங் எவ்வளவு வலுவோ அவ்வளவு உதை. அப்புறம், குழல் மடியும் இடத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஓபன் சைட்டின் இரண்டு பகுதியும் குழலின் மேலேயே இருந்தால், மூடும்போது மயிரிழை வித்தியாசம் வந்தாலும் சைட்டும் சேர்ந்தே நகரும். பெரிய பாதிப்பு இல்லை. பீப் சைட்டோ ஸ்கோப்போ பின்பக்க உடலில் பொருத்தும்போதுதான் அந்த மயிரிழை தாளில் தெரியும். அந்த எண்ணம் இருந்தால் குழல் அசையாமல் நிற்க, பக்கவாட்டிலோ அடியிலோ நெம்புகோல் உள்ள மாடலைத் தேடுங்கள்.

ஒரே தடவை நெம்புகோலை இழுத்துக் காற்றைச் சேமிக்கும் வகை அடுத்தது. உதை கிட்டத்தட்ட இல்லை, சிலிண்டர் தொல்லை இல்லை, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்று. ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை, வால்தர் எல்ஜிஆர் போன்ற பழைய ஜெர்மன் ரைஃபிள்கள் இந்த வகைதான். பயிற்சிக்கு அருமையானவை. ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோல் இழுக்க வேண்டும், அறுபது குண்டுக்குத் தோள் பேசும், அவ்வளவுதான்.

கார்பன் டை ஆக்சைடு வகையைத் தமிழ்நாட்டு வெயிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும்: 20 டிகிரியில் சுமார் 57 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), 30 டிகிரியில் 70 பாருக்கும் மேல். காலை ஏழு மணிக்குச் சுட்ட இடத்திலேயே மதியம் பன்னிரண்டு மணிக்கும் சுடும் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டில் பொழுதுபோக்குக்குச் சரி.

இன்று போட்டிகளில் நிற்பவை பிசிபி, அதாவது முன்கூட்டியே காற்றடைத்த வகை. குழலுக்கு அடியில் உள்ள சிலிண்டரில் 200 பார் வரை காற்று இருக்கும். நல்ல மாடல்களில் ரெகுலேட்டர் என்ற சிறு வால்வு, சிலிண்டரில் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தை அளந்து கொடுக்கும். ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் முதல் குண்டும் நாற்பதாவது குண்டும் வேறு வேகத்தில் போகலாம். வால்தர், அன்ஷூட்ஸ், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர், பிஸ்டலில் மொரினி, பார்டினி எல்லாம் இந்த வட்டத்தில் பெரிய பெயர்கள். உள்நாட்டில் பிரெசிஹோல் நிறுவனமும் பிசிபி ரைஃபிள்கள் செய்கிறது.

பிசிபி வாங்குகிறவர் துப்பாக்கியின் விலையோடு காற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கைப் பம்பு வேண்டும், அல்லது நீரில் மூழ்குவோர் பயன்படுத்தும் ஸ்கூபா சிலிண்டரும் அதை நிரப்ப ஒரு இடமும் வேண்டும். கைப் பம்பில் ஈரம் உள்ளே போகும். கடலோர ஊர்களில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் அடிக்காதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பக் கூடாது. அழுத்தப்பட்ட ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் வெடிக்கும்.

நான்காவது படி: வேகப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்

போட்டி ரைஃபிள்கள் அரை கிராம் பெல்லட்டை விநாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஆற்றல் எட்டு ஜூல் பக்கம். சட்டம் அனுமதிக்கும் இருபதில் பாதிகூட இல்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும் பெல்லட் காற்றில் தடுமாறும். பெட்டியில் அச்சிடும் பெரிய எண்கள் பெரும்பாலும் மிக இலேசான பெல்லட்டைப் போட்டு எடுத்தவை.

வேகம் எவ்வளவு என்பதைவிட, குண்டுக்குக் குண்டு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் கேள்வி. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 175 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரில் 16 மில்லிமீட்டர் இறங்கும். 170-இல் போனால் 17 மில்லிமீட்டர். ஐந்து மீட்டர் வேக வித்தியாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர். ரைஃபிள் போட்டியில் தசமப் புள்ளி (பத்தையே 10.0 முதல் 10.9 வரை பிரிப்பது) எண்ணும்போது கால் மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி, அப்படியானால் 10.6 வர வேண்டிய குண்டு 10.2 ஆகிவிடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் கடைசிக் குண்டு 10.8. அந்த உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது பதக்கத்தின் நிறத்தையே மாற்றிவிடும். ஓபன் சைட்டில் தொடங்கும் ஒருவருக்கு அது ஒன்றுமே இல்லை. உங்கள் கை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற துப்பாக்கி போதும் என்று சொல்வது இதனால்தான். கிளப்பில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் பத்துக் குண்டு சுட்டு அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: சைட்

சைட்டில் சேமிக்க நினைக்க வேண்டாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் உள்ள ரைஃபிளில், பின் சைட் 0.1 மில்லிமீட்டர் ஆடினால் தாளில் 1.25 மில்லிமீட்டர் தள்ளும். 45 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால் 2.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழு வளையம். கடையில் பின் சைட்டை இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திருகும்போது ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தெளிவாகத் தட்ட வேண்டும். நான்கு கிளிக் வலம், நான்கு கிளிக் இடம் திருப்பிச் சுட்டால் குண்டு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

பீப் சைட்டில் முன் வளையத்தை மிகச் சிறியதாகப் போட்டால் துல்லியம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது எதிர்மாறு. கறுப்பு வட்டத்தைச் சுற்றி நல்ல வெள்ளை இடைவெளி தெரிந்தால்தான் கண் அதைத் தானாக நடுவில் நிறுத்தும்.

ஐஎஸ்எஸ்எஃப் போட்டியில் ஸ்கோப் கிடையாது. பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர்கள் 10 மீட்டர் வரை தூரத்தைச் சரிசெய்யும் வசதி உள்ளதை எடுக்க வேண்டும். தூரத்துக்கென்றே செய்த ஸ்கோப்பில் கண் சற்று நகர்ந்தாலே குறி நகரும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு என்றால் ஏர்கன் உதையைத் தாங்கும் ஸ்கோப்தானா என்று கேளுங்கள். முன்னும் பின்னும் வரும் அந்தக் குலுக்கலில் சாதாரண ஸ்கோப் சீக்கிரம் கழன்றுவிடும்.

ஆறாவது படி: ட்ரிகரும் உடம்புப் பொருத்தமும்

இரண்டு கட்ட ட்ரிகர் எடுங்கள். முதல் கட்டம் இலேசாக நகர்ந்து ஒரு சுவரில் முட்டும்; அங்கே நிறுத்தி, மூச்சை நிதானித்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். அந்தச் சுவர் தெளிவாக இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். இழுக்க இழுக்க மணல் அரைப்பது மாதிரி இருந்தால் வேண்டாம். ரைஃபிளில் ட்ரிகர் எடைக்கு விதி இல்லை, போட்டியாளர்கள் நூறு கிராம் அளவில் வைத்துக்கொள்வார்கள். புதியவர் அதைவிடக் கனமாக வைத்துத் தொடங்குவது நல்லது. பிஸ்டலில் குறைந்தது 500 கிராம் இருந்தே ஆக வேண்டும். போட்டியன்று ட்ரிகரால் எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

பிஸ்டலில் மின் ட்ரிகர் மாடல்களும் உண்டு. மிக மென்மையானவை. ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே கோளாறால் நின்றுபோய், விலைமதிப்பற்ற நிமிடங்கள் பறிபோனதை நாடே பார்த்தது. அதே மனு 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார் என்பது வேறு கதை. பழுது பார்க்க ஆள் பக்கத்தில் இல்லாத ஊரில் இருக்கிறவருக்கு மெக்கானிக்கல் ட்ரிகரே பாதுகாப்பு.

ரைஃபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடுங்கள். வசதியாக நின்றபின் கண்ணைத் திறங்கள். சைட் நேராகக் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் கன்னம் படும் கட்டையும் பின்தட்டும் சரிசெய்யக்கூடியதா என்று பாருங்கள். சரிசெய்ய முடியாதென்றால் அந்த ரைஃபிள் உங்களுடையது அல்ல. விதிப்படி ரைஃபிள் 5.5 கிலோ வரை போகலாம் என்பதற்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைத் தூக்கிக் கொடுத்தால் இடுப்பும் முதுகும்தான் கெடும். இடக்கைக்காரர்கள் வலக்கைக் கட்டையில் சமாளிக்க வேண்டாம். நல்ல நிறுவனங்களில் இடக்கை மாடல் உண்டு. பிஸ்டல் பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளில் வரும். கை நழுவாமல், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் விரல்கள் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

ஏழாவது படி: பெல்லட் போட்டுச் சுட்டுப் பாருங்கள்

சுட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடையில் முடியாது என்றால் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரைக் கிளப்பில் தேடிப் பிடியுங்கள்.

இலக்குக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். தாளில் வட்டமாக, துளையிடும் கருவியால் போட்டது மாதிரி ஓட்டை விழும். புள்ளி பார்க்கச் சண்டை வராது. எச் அண்ட் என், ஆர்டபிள்யூஎஸ், ஜேஎஸ்பி ஆகியவை நம்பத்தக்கவை. ஒரே பெல்லட்டே 4.49, 4.50, 4.51 என்று தலை அளவுகளில் வருகிறது. எந்த அளவு உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்தடுத்து தயாரான இரண்டு ரைஃபிள்கள்கூட வேறு வேறு பெல்லட்டை விரும்பலாம்.

சோதனை இப்படி: பத்து மீட்டரில் தாளை மாட்டுங்கள். பிசிபி என்றால் மணல் பையில் வைத்துச் சுடலாம். ஸ்பிரிங் துப்பாக்கியை நேரடியாகப் பையில் வைக்காதீர்கள், துள்ளும். பையின் மேல் உள்ளங்கையை விரித்து, அதன் மேல் துப்பாக்கியைப் படுக்க வையுங்கள். பெல்லட் வகையை மாற்றும்போதெல்லாம் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள், குழல் புதிய ஈயத்துக்குப் பழகட்டும். பிறகு ஐந்து ஐந்து குண்டாக, வகைக்கு ஐந்து க்ரூப் (ஒரே குறியில் சுட்ட ஐந்து குண்டுகளின் தொகுதி). மையத்தில் விழுகிறதா என்று இப்போது கவலைப்படாதீர்கள். வெர்னியரால் ஒவ்வொரு க்ரூப்பின் வெளி அகலத்தையும் அளந்து எழுதுங்கள். ஒரே ஒரு அழகான க்ரூப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதிர்ஷ்டத்தில் யாருக்கும் ஒன்று வரும். ஐந்திலும் மோசமானதைப் பாருங்கள். அந்த மோசமானதும் ரைஃபிளில் 9.5, பிஸ்டலில் 20.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் துப்பாக்கியும் பெல்லட்டும் பொருந்திவிட்டன. கீழே விழுந்த பெல்லட்டின் பாவாடை விளிம்பு (பின்பக்கம் விரிந்த மெல்லிய ஓரம்) நசுங்கியிருக்கும். எடுத்துத் துடைத்துப் போடாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது ஈயம்.

இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பெட்டி கட்டாயம். வெறும் சுவரில் பட்டால் துண்டுகள் திரும்பி வரும், ஆகவே கண்ணாடி அணியுங்கள். மடிக்கும் குழலுக்குள் பெல்லட் வைக்கும்போது ஒரு கை குழலைப் பிடித்தபடியே இருக்கட்டும். ஸ்பிரிங் தவறி விடுபட்டால் விரல் போய்விடும். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சும்மா சுடவும் கூடாது, பிஸ்டன் மோதிச் சீல் உடையும்.

பழையது வாங்கினால்

போட்டி ரைஃபிள் புதிதாக லட்சங்களில் இருப்பதால் கிளப்புகளில் கைமாறும் பழையவற்றைப் பலர் தேடுகிறார்கள். தப்பில்லை, குழல் எளிதில் தேயாது. தேய்வது சீல்களும் சிலிண்டரும்தான். முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். பொதுவாகப் பத்து ஆண்டுதான் அதன் ஆயுள். தாண்டிவிட்டால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், புதிய சிலிண்டரின் விலையைப் பேரத்தில் கழித்துக் கேளுங்கள். அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்து, ஒரு இரவு கழித்து மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. குழல் வாயில் டார்ச் அடித்து, விளிம்பில் கீறலோ பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். பெல்லட் கடைசியாகத் தொடும் இடம் அது. நம் ஊர் ஈரத்தில் உறைக்குள்ளேயே வைத்திருந்த துப்பாக்கிகளில் திருகுகளுக்கு அடியில் துரு ஒளிந்திருக்கும், கன்னக்கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். நிறுத்தப்பட்ட மாடல் என்றால் சீல் இன்னும் எங்கே கிடைக்கிறது, எத்தனை நாளில் வரும் என்று விற்பவரிடமே கேளுங்கள். அவர் கடைசியாக மாற்றிய பில்லைக் காட்டினால், மற்றதை அப்புறம் பேசலாம்.